அயலகத் தமிழரைக் கொள்கை வகுப்பில் சேர்ப்பது எப்படி? மாநாட்டைத் தாண்டி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "குடிபெயர்வு, வளர்ச்சி பற்றிய கொள்கைகளை வகுப்பதில் அயலகத் தமிழர்களையும் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு மாநாடு நடத்துவதோடு நிற்காமல், ஒரு மாநில அரசோ மாவட்ட நிர்வாகமோ இதை எப்படிச் செய்வது? எங்காவது உருப்படியாக நடந்திருக்கிறதா?"

நடந்திருக்கிறது. முழுதாக ஓரிடத்தில் இல்லை. மெக்சிகோவில் ஒரு பகுதி, பிலிப்பைன்ஸில் ஒரு பகுதி, பக்கத்திலேயே கேரளத்தில் ஒரு பகுதி. அவற்றில் பலன் தந்ததை மட்டும் பிரித்துப் பார்த்தால் இரண்டு விதிகள் மிஞ்சும். ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர் சொன்ன யோசனைக்கு இன்ன துறை இன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற கட்டாயம். மற்றொன்று, அவர் பணம் போடும் வேலையில் அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுவில் அவருக்கு ஓட்டு. இந்த இரண்டும் இல்லாத இடங்களில் ஓர் ஆண்டு படித்த கோரிக்கையை அடுத்த ஆண்டும் படிக்க வேண்டியதாயிற்று. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு விதிகளைத் தமிழ்நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கான வழி.

கோரிக்கை யாருடைய மேசைக்குப் போக வேண்டும்?

மாநில அரசு கூட்டும் ஆலோசனைக் கூட்டங்கள் சீக்கிரம் சலித்துப்போவதற்கு முதல் காரணம், அங்கே கேட்கப்படுவதில் பெரும்பங்கு மாநிலத்தின் கையில் இல்லாததுதான். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 19-ஆவது இனம் குடிபெயர்வையும் கடவுச்சீட்டையும் விசாவையும் ஒன்றிய அரசிடம் வைத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஏஜென்ட் உரிமம், குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியல், தூதரகங்களில் இருக்கும் இந்தியச் சமூக நல நிதி, எல்லாமே டெல்லியின் பொறுப்பு. சம்பளப் பாக்கியும் இக்காமாவும் (சவூதியில் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டை), லேபர் கேம்பில் ஓர் அறையில் எத்தனை பேர் என்பதும் வேலை பார்க்கும் நாட்டின் சட்டத்துக்குள் வருபவை.

அப்படியானால் மாநிலத்துக்கு என்ன மிஞ்சுகிறது? நிறையவே மிஞ்சுகிறது. உரிமம் இல்லாத சப்-ஏஜென்ட் மீது காவல்துறை நடவடிக்கை, புறப்படும் முன் கொடுக்கும் பயிற்சி, படிப்புச் சான்றிதழ் சரிபார்ப்பு, திரும்பி வந்தவருக்குக் கடன், இங்கேயே தங்கிவிட்ட மனைவிக்கும் பெற்றோருக்கும் பாதுகாப்பு, 1978 முதல் இருக்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஊராட்சிப் பணிகள். இவற்றுக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

ஆகவே வந்து சேரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஊராட்சி, மாவட்டம், மாநிலம், ஒன்றியம், வேலை பார்க்கும் நாடு என்ற ஐந்து கட்டுகளில் ஒன்றில் போட வேண்டும். இதைக் கூட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து பிரித்தால் ஒரு நாள் அதிலேயே போய்விடும். முதல் மூன்று கட்டுகளுக்கு மாநிலம் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். கடைசி இரண்டுக்கு, "இன்ன தேதியில் வெளியுறவு அமைச்சகத்துக்கு இந்தக் கடிதம் போனது, நகல் இது, வந்த பதில் இது" என்பதே பதில். "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்புவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

நான்காவது கட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதைத் தொடர்ந்து தவறவிடுகிறோம். 1983 சட்டத்தை மாற்றுவதற்காக வெளியுறவு அமைச்சகம் 2019-லும் 2021-லும் வரைவு மசோதா வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சட்ட ஆங்கிலத்தில் இருக்கும் வரைவை ரியாத்தில் ஷட்டரிங் வேலை பார்ப்பவர் படித்துக் கருத்து எழுதி அனுப்ப முடியாது. மாநிலத்தின் அயலகத் தமிழர் நல வாரியம் செய்ய வேண்டியது இதுதான்: வரைவு வெளியான முதல் வாரத்திலேயே இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம், "ஏஜென்ட் கட்டண உச்சவரம்பு மாற வேண்டுமா, எப்படி?" என்பது போன்ற ஐந்து நேரடிக் கேள்விகள், பதில்களைக் குரல் செய்தியாகவே வாங்கித் தொகுத்து மாநிலத்தின் பெயரில் டெல்லிக்கு அனுப்புவது. ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும்தான் என்பது விதி. உண்மையில் கொடுத்த தொகை எவ்வளவு என்று ஆயிரம் பேர் சொன்னால், மசோதா விவாதத்தில் அதைவிட வலுவான சான்று வேறு இருக்காது.

கணக்கெடுப்பு

இது சிறிய பகுதிதான், ஆனால் விடக்கூடாது. கேரளத்தில் 1998 முதல் வீடுவீடாகக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2023 கணக்கெடுப்பின்படி 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அனுப்பிய பணம் 2.16 லட்சம் கோடி ரூபாய். வெளியே போனவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் மாணவர் என்பதும் அதில்தான் தெரிந்தது. உடனே கேரளத்தின் பேச்சு வளைகுடாவிலிருந்து மாணவர் விசா ஏமாற்றுகளுக்கும் கல்விக் கடனுக்கும் நகர்ந்தது. திரும்பத் திரும்ப எடுக்கும் கணக்கெடுப்பின் பயன் இது.

தமிழ்நாட்டில் இதே முறையில் 2015-ல் 20,000 வீடுகளில் கணக்கெடுத்தார்கள். சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பீடு வந்தது. முதலிடம் சிங்கப்பூர், அடுத்து ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, அமெரிக்கா. வளைகுடாவையே மனத்தில் வைத்துத் திட்டம் போட்டுவந்தவர்களுக்கு இது புதிய செய்தி. இந்த எண்களை இன்றும் பயன்படுத்தினால், கோவிட் காலத்தில் திரும்பியவர்களும் அதன் பிறகு புதிதாகப் போனவர்களும் கணக்கில் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீட்டுக் கணக்கெடுப்பு, இங்கே கதவைத் திறந்து பதில் சொல்ல ஆள் இருக்கும் குடும்பத்தை மட்டுமே பிடிக்கும். குடும்பத்தோடு போய்விட்டவர், மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மொரிஷியஸிலும் நான்கைந்து தலைமுறையாக வாழ்பவர், கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் ஈழத்தமிழர் யாரும் அதில் இல்லை. அவர்களுடைய தேவைகள் வேறு: மொழி, பண்பாடு, விசா, வேர்த்தேடல். அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துவரும் "வேர்களைத் தேடி" போன்ற திட்டங்கள் அவர்களுக்கானவை, நல்லவை. ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால், மேடையில் பேசிப் பழகியவரின் பொருளே நிகழ்ச்சி நிரலை நிறைத்துவிடும், சம்பளப் பாக்கி பின்னுக்குப் போகும். குடிபெயர்வுக் கொள்கைக்கு ஒரு குழுவும் பண்பாட்டு உறவுக்கு வேறொரு குழுவும் தனித்தனியாக இருப்பதே சரி.

குழுவில் யார்?

கேரளம் 2018 ஜனவரியில் உலக கேரள சபையைத் திருவனந்தபுரம் சட்டமன்ற வளாகத்தில் கூட்டியது. 351 உறுப்பினர்கள். சட்டமன்ற உறுப்பினர்களும் கேரளத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இயல்பாகவே உறுப்பினர்கள், மற்றவர்கள் அரசு நியமித்த புலம்பெயர் மலையாளிகளும் திரும்பி வந்தவர்களும். சட்டம் இயற்றுகிறவரும் வெளிநாட்டில் உழைப்பவரும் ஒரே அரங்கில் உட்கார்ந்ததும், முதல் கூட்டத்துக்குப் பிறகு நிலைக்குழுக்கள் அமைத்ததும் நல்ல அமைப்பு. புலம்பெயர்ந்தோர் முதலீட்டுக்காக அரசு 26 விழுக்காட்டுப் பங்கோடு ஒரு நிறுவனம் தொடங்கியது அந்தப் பேச்சிலிருந்துதான். அதன் பலவீனமும் அதே அமைப்பில்தான் இருந்தது. வெளிநாட்டு உறுப்பினரை அரசே நியமித்ததால், ஆளும் கட்சிக்கு வேண்டியவர்கள் என்ற குற்றச்சாட்டு எளிதாக ஒட்டிக்கொண்டது, எதிர்க்கட்சி புறக்கணிக்கத் தொடங்கியது. எதிர்க்கட்சி இல்லாத சபையின் பரிந்துரையைக் காப்பாற்ற அடுத்த ஆட்சிக்கு எந்தக் காரணமும் இருக்காது.

மெக்சிகோ வேறு வழியில் போனது. 2003-ல் வெளிநாட்டு மெக்சிகர் நிறுவனத்தை அமைத்து, அதற்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்ட ஆலோசனைக் குழுவை வைத்தது. உறுப்பினரில் பெரும்பாலோரை அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தூதரக வட்டங்களில் அந்தந்த ஊர்ச் சமூகமே தேர்ந்தெடுத்தது. பதவிக்காலம் மூன்று ஆண்டு, சம்பளம் கிடையாது. குழு பரிந்துரை தந்தால் உரிய அமைச்சகத்திடம் எழுத்தில் பதில் வாங்கித் தொகுப்பது நிறுவனத்தின் வேலை. "முடியாது, காரணம் இது" என்ற பதிலும் பதில்தான். அதை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் சட்ட அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கான சட்டம் 2011-லேயே வந்துவிட்டது. ஆனால் வாரியம் உயிர்பெற்றது பத்தாண்டு கழித்து, 2021 அக்டோபர் அறிவிப்புக்குப் பிறகு. அந்த அறிவிப்பில் 13 உறுப்பினர் கொண்ட வாரியமும், 5 கோடி ரூபாய் நல நிதியும், ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள் என்பதும் இருந்தன. பதின்மூன்று பேர் நல உதவி மனுக்களைப் பார்க்கப் போதும், கொள்கை வகுக்கப் போதாது. வாரியத்தின் கீழ் 40 முதல் 50 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று தேவை. அதில் இடங்களை நாடு வாரியாகப் பிரிப்பதைவிட வேலை வாரியாகப் பிரிப்பது நல்லது. நாடு வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அங்குள்ள பெரிய சங்கத்தின் தலைவரே வருவார், அவர் பெரும்பாலும் தொழிலதிபராக இருப்பார். கட்டுமானம் மற்றும் தொழிற்சாலைத் தொழிலாளர், வீட்டுவேலைப் பெண்கள், செவிலியர், கப்பலிலும் மீன்பிடிப் படகிலும் வேலை பார்ப்பவர், பொறியாளர் போன்ற தொழில்நுட்பத்தினர், மாணவர், வணிகர், திரும்பி வந்தவர், இங்கே இருக்கும் குடும்பத்தார் என்று இடம் ஒதுக்கினால் மேசையின் தோற்றமே மாறும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கட்டாயம். எதிர்க்கட்சியிலிருந்து இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் கட்டாயம். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலக வேண்டும், ஒருவர் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது. ஆள்சேர்ப்புத் தொழிலில் இருப்பவர் ஏஜென்ட் கட்டணம் பற்றிய துணைக்குழுவில் உட்காரக்கூடாது. இந்தக் கடைசி விதியை விட்டுவிட்ட குழுக்கள் கட்டணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் அறிக்கை தருவதில் வியப்பில்லை.

பிலிப்பைன்ஸிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. வெளிநாடு போகும் தொழிலாளிக்காக ஓர் ஒப்பந்தத்துக்கு 25 டாலர் என்று சேரும் நல நிதியை ஒரு வாரியம் நடத்துகிறது. 2016-ல் அதற்கென்று வந்த சட்டம், கடல்சார் தொழிலாளர், தரைசார் தொழிலாளர், பெண்கள் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு அந்த வாரியத்தில் இடத்தை எழுதியே வைத்துவிட்டது. சட்டத்தில் எழுதிய இடத்தை அமைச்சர் மாறினாலும் எடுக்க முடியாது.

லேபர் கேம்பிலிருந்து குரல் எப்படி வரும்?

இந்த முழு முயற்சியிலும் கடினமான இடம் இதுதான், அக்கறையும் இங்கேதான் அதிகம் வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். 23 பேர் கேரளத்தவர், 7 பேர் தமிழ்நாட்டவர். உலக கேரள சபையின் நான்காவது கூட்டம் தொடங்கவிருந்ததற்கு முந்தைய நாள் அது. தங்குமிடத்தின் நெரிசலும் அவசர வழியும் அந்தக் கட்டடத்தில் படுத்து எழுபவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் எந்த மாநாட்டுக்கும் வர முடியாது. விடுப்பு கிடைக்காது, டிக்கெட்டுக்குப் பணம் இல்லை, வெளியே பேசினால் வேலை போய்விடும் என்ற பயமும் நியாயமானது.

அமீரகத்திலும் சவூதியிலும் கத்தாரிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் தொழிற்சங்கம் வைக்க முடியாது. எனவே "சங்கங்கள் மூலம் பிரதிநிதிகளை அனுப்புங்கள்" என்ற கடிதம் தொழிலாளியிடம் போய்ச் சேராது. அதற்குப் பதிலாக நான்கு வாசல்கள் உண்டு.

முதலாவது, திரும்பி வந்தவர்கள். கடந்த இரண்டு ஆண்டுக்குள் திரும்பியவருக்கு நிலைமை முழுக்கத் தெரியும், பயமும் குறைவு. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் வட்டத்துக்கு ஒரு கூட்டம் என்று, 20 பேருக்கு மிகாமல் வைக்கலாம். இருபதைத் தாண்டினால் இரண்டு மூன்று பேர் மட்டுமே பேசுவார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் வைத்தால் அது மனு கொடுக்கும் கூட்டமாகிவிடும், ஆகவே அதிகாரிகள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். ஒரு நாள் கூலியை ஈடுசெய்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லாதவர் மட்டுமே வருவார். பெண்களுக்குத் தனிக்கூட்டம் வேண்டும். வீட்டுவேலைக்குப் போய் வந்தவர் ஆண்கள் முன்னிலையில் நடந்ததைச் சொல்லமாட்டார்.

இரண்டாவது, குடும்பம். பணம் எப்போது நின்றது, ஏஜென்டுக்குக் கொடுக்க எந்த நகை அடகு போனது, என்ன வட்டி என்பதெல்லாம் மனைவிக்கும் அம்மாவுக்கும் துல்லியமாகத் தெரியும்.

மூன்றாவது, குரல் செய்தி. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, குரல் பதிவு அனுப்பலாம். ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியை, குவைத், கத்தார், சவூதிக்கு வெள்ளிக்கிழமையும் சிங்கப்பூருக்கு ஞாயிற்றுக்கிழமையும் அனுப்ப வேண்டும். இருபது கேள்விப் படிவம் அனுப்பினால் யாரும் முடிக்கமாட்டார்கள். அனுப்பியவர் பெயரும் எண்ணும் தொகுப்பவரைத் தாண்டிப் போகக்கூடாது, அறிக்கையில் கம்பெனி பெயரோ கேம்ப் பெயரோ அப்படியே வரக்கூடாது. ஒருமுறை இது கசிந்தால் அடுத்த முறை யாரும் பேசமாட்டார்கள். எண்களைச் சேகரிக்க ஏற்ற இடம் புறப்படும் முன் நடக்கும் பயிற்சி வகுப்பும் திருச்சி, சென்னை விமான நிலையங்களும்.

நான்காவது, அயலகத் தமிழருக்கான அரசின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள். அது ஏற்கெனவே அரசிடம் இருக்கும் பொக்கிஷம். மாதத்துக்கு ஒருமுறை அழைப்புகளை வகை, நாடு, மாவட்டம் என்று பிரித்து ஆலோசனைக் குழுவுக்குக் கொடுத்தாலே நிகழ்ச்சி நிரலில் பாதி தயார்.

பணம் வரும் இடத்தில் ஓட்டு: மெக்சிகோவின் "ஒன்றுக்கு மூன்று"

சகாதேகாஸ் மாநிலத்தவர் அமெரிக்காவில் ஊர்வாரியாகக் கிளப்புகள் நடத்தி, சொந்த ஊரில் சாலை, தண்ணீர்க் குழாய், தேவாலயம் என்று கட்டிவந்தார்கள். மாநில அரசு அதோடு பணம் சேர்க்கத் தொடங்கி, 1990-களில் அது வளர்ந்து, 2002-ல் நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று. கிளப் ஒரு பெசோ போட்டால் ஊராட்சி ஒன்று, மாநிலம் ஒன்று, மத்திய அரசு ஒன்று. எந்த வேலைக்கு அனுமதி என்பதை நான்கு தரப்பும் உட்காரும் குழு முடிவு செய்தது, நான்கு தரப்புக்கும் சம ஓட்டு. கிளப்புக்குக் குறைந்தது பத்து உறுப்பினர் வேண்டும், தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போது மேற்பார்க்க ஊரில் ஒரு குழு. கால்பங்கு பணம் போட்டவர்கள் மேயருக்கு எதிரே உட்கார்ந்து "ஒப்பந்தப்புள்ளியைக் காட்டுங்கள்" என்று கேட்கப் பழகினார்கள். கட்டிய சாலைகளைவிட இந்தப் பழக்கமே பெரிய லாபம் என்பது என் கருத்து.

அது எங்கே கெட்டது என்பதிலிருந்து நாம் கற்க வேண்டியது அதிகம்.

மிகவும் ஏழையான ஊர்களிலிருந்து போனவர்கள் குறைவு, போனவர்களும் அண்மையில் போனவர்கள். கிளப் கட்ட அவர்களுக்கு நேரமும் பணமும் இல்லை. எனவே அரசின் மூன்று பங்கும் ஏற்கெனவே ஓரளவு வசதியான ஊர்களுக்கே போனது. இங்கும் அதேதான் நடக்கும்: காரைக்குடிப் பக்கம் ஊருக்கு ஒரு சிங்கப்பூர்ச் சங்கம் இருக்கும், வேறு வட்டத்தில் எதுவும் இருக்காது. இதற்குத் தடுப்பு, அரசுப் பங்கைச் சமமாக வைக்காமல், பின்தங்கிய ஊராட்சிக்குக் கூடுதலாக வைப்பது. வசதியான ஊரில் ஒன்றுக்கு ஒன்று, பின்தங்கிய ஊரில் ஒன்றுக்கு நான்கு. ஊரின் பெரிய தெருவுக்கு மட்டும் பணம் போகாமல் இருக்க, குடியிருப்பு வாரியாக எந்த வேலை யாருக்குப் பயன்படும் என்று மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும். காலனிக்குத் தண்ணீர் போகாத ஊரில் நுழைவு வளைவுக்கு அரசுப் பங்கு தரக்கூடாது.

அடுத்து, போலிக் கிளப். சில இடங்களில் கிளப்பின் பங்கை மேயரோ ஒப்பந்தக்காரரோ போட்டுவிட்டு மூன்று மடங்கை எடுத்தார்கள். பணம் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து வந்ததா, எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். கட்சிச் சார்பும் ஆய்வுகளில் பதிவானது. பிறகு நிதியாண்டுச் சிக்கல்: கிளப் பணம் கட்டிக் காத்திருக்கும், ஒதுக்கீடு தாமதமாக வரும், ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க அவசர அவசரமாக வேலை நடக்கும், தரம் போகும். 2020 வாக்கில் மத்திய அரசின் ஒதுக்கீடே நின்றுபோனது. சட்டத்தில் இல்லாமல் வரவுசெலவுத் திட்டத்தில் மட்டும் இருந்த ஒன்று ஒரே கையெழுத்தில் போய்விட்டது.

தமிழ்நாட்டு ஊரில் இதை எப்படிப் பொருத்துவது?

புதுத் திட்டம் தேவையில்லை. "நமக்கு நாமே" திட்டத்தில் மக்கள் பங்களிப்பாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு தருகிறது. சொந்த ஊருக்குச் செய்ய விரும்பும் அயலகத் தமிழருக்காக "எனது கிராமம்" என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவற்றில் குறைவது ஓட்டு மட்டுமே. பணம் கொடுத்தவர்களின் இரு பிரதிநிதிகள், ஊராட்சித் தலைவர், வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம சபை தேர்ந்தெடுத்த இரு பெண்கள் என்று ஆறு பேர் கொண்ட பணிக்குழு போதும். எஸ்டிமேட், எம்-புத்தகப் (முடிந்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) பதிவு, பட்டியல் தொகை மூன்றும் படமாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். பணத்தை மூன்று தவணையாக விட வேண்டும்: தொடக்கத்தில் 30 விழுக்காடு, பாதி வேலைக்குப் பிறகு 40, முடிந்து இரண்டு மாதம் கழித்துக் குறை எதுவும் இல்லையென்றால் 30.

நாளும் பொருந்தி வருகிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஒன்று ஜனவரி 26. வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு வருவது பொங்கலுக்கு. பத்து நாள் விடுப்பைச் சற்று நீட்டி அந்தக் கிராம சபையில் உட்கார்ந்தால், எந்த வேலை முதலில் என்பதை ஊர் மக்கள் முன்னிலையிலேயே பேசித் தீர்க்கலாம். கண்மாய் மடை உடைந்திருக்க, வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் மண்டபம் கட்டினால் பணம் கொடுத்தவருக்கும் ஊருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இனி, பலர் மாட்டிக்கொள்ளும் சட்டச் சிக்கல். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட அதே ஊர்க்காரர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு, அவரிடம் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். துபாயில் தன் கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்பினாலும் அப்படித்தான். அங்கே பதிவான ஊர்ச் சங்கம் எல்லோரிடமும் வசூலித்து மொத்தமாக அனுப்பினாலும் அப்படித்தான். அதைப் பெறும் உள்ளூர் அறக்கட்டளைக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும், பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று தனிக் கணக்கு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நல்ல எண்ணத்தில் திரட்டிய பணம் வங்கியில் முடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

தீர்வு எளிது. இந்தியக் குடிமக்கள் தனித்தனியாகத் தம் கணக்கிலிருந்து அனுப்பட்டும், சங்கம் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு வேறு வழி: சட்டத்தால் அமைக்கப்பட்டு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்திருக்கிறது. வாரியத்தின் நிதி அந்த வகையில் வருகிறது என்று உள்துறை அமைச்சகத்திடம் எழுத்தில் தெளிவு பெற்றுவிட்டால், ஊர்ப்பணிக்கான பணத்தை ஒரே வாசல் வழியாக வாங்கலாம். வாரியம் முதல் ஆண்டில் முடிக்க வேண்டிய வேலைகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

நம்பிக்கையும் ஓட்டுரிமையும்

அரசு தன்னைச் சந்தேகிக்கிறது என்று நினைப்பவர் ஆலோசனைக் கூட்டத்துக்கு வரமாட்டார். இலங்கை இதற்கு வேதனையான எடுத்துக்காட்டு. 2014-ல் வெளிநாட்டுத் தமிழ் அமைப்புகள் உட்பட 16 அமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது, 2015-ல் சிலவற்றை நீக்கியது, 2021-ல் மீண்டும் சேர்த்தது, பொருளாதாரம் சரிந்த 2022-ல் மீண்டும் சிலவற்றை நீக்கி முதலீட்டுக்கு அழைத்தது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுவதை அந்நாட்டு அரசமைப்பின் 19-ஆவது திருத்தம் தடுத்தது, 20-ஆவது அனுமதித்தது, 21-ஆவது மீண்டும் தடுத்தது. ஏழாண்டுக்குள் மூன்று நிலைப்பாடு. இன்று வந்து பேசினால் நாளை எந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் என்று தெரியாதவர், கொழும்புக்குப் பணம் அனுப்பமாட்டார், யோசனையும் சொல்லமாட்டார். யாழ்ப்பாணத்தில் தன் பழைய பள்ளிக்கு மட்டும் பழைய மாணவர் சங்கம் வழியாகக் கொடுப்பார். அரசின் திட்டத்துக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பே இருக்காது.

இந்தியாவில் சிக்கல் வேறு. 2011 முதல் வெளிநாட்டில் இருக்கும் குடிமகன் வாக்காளராகப் பதியலாம், ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 1.19 லட்சம், வந்து போட்டவர்கள் 2,958 பேர், அவர்களில் 2,670 பேர் கேரளத்தவர். ஓட்டு எண்ணிக்கையில் இல்லாதவரின் கோரிக்கை எந்தக் கட்சிக்கும் அவசரமாகத் தோன்றாது. தபால் ஓட்டு மட்டும் இதைத் தீர்த்துவிடும் என்றும் சொல்ல முடியாது: மெக்சிகோ 2006-ல் தபால் ஓட்டுக் கொடுத்தபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் இருந்தும் வந்தவை சுமார் 33,000 ஓட்டுகள்தான். பதிவு முறை சிக்கலாக இருந்தது, அடையாள அட்டை பலரிடம் இல்லை. ஆகவே ஓட்டுரிமைக்காகக் காத்திருக்காமல், எழுத்துப் பதிலைக் கட்டாயமாக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.

பதில் பதிவேடு

அதற்கு ஓர் அரசாணையும் ஒரு மேசையும் போதும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஓர் எண். எதிரே ஆறு கட்டங்கள்: யார் சொன்னது (தொழில், நாடு மட்டும், பெயர் வேண்டாம்), ஐந்து அதிகாரக் கட்டுகளில் எது, பொறுப்பான துறை, அதில் பதில் சொல்ல வேண்டிய அலுவலரின் பதவி, கெடு தேதி, பதில். மாநிலத்தின் கையில் இருப்பதற்கு 60 நாள், டெல்லிக்குக் கடிதம் அனுப்ப 30 நாள். பதில் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும்: செய்தாயிற்று, இன்ன தேதிக்குள் செய்வோம், பாதி செய்வோம், செய்ய முடியாது. பின்னிரண்டுக்கும் காரணம் எழுதியே ஆக வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை மேசை திருப்பி அனுப்ப வேண்டும். நிதி கேட்கும் பரிந்துரைகள் செப்டம்பருக்குள் முடிவாகிவிட வேண்டும்; அதற்குப் பிறகு வந்தால் பிப்ரவரி, மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் துறைகளால் இடம் பிடிக்க முடியாது. ஜனவரி மாநாட்டில் எழும் கோரிக்கை பெரும்பாலும் ஓராண்டு தூங்குவதற்கு இந்த நாட்காட்டிதான் காரணம், யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

எனவே வேலை மார்ச்சில் தொடங்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் வட்டக் கூட்டங்களும் குரல் செய்திகளும். ஜூனில் ஆலோசனைக் குழு கூடிப் பரிந்துரையை இருபதுக்குள் சுருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் துறைகள் எளிதானவற்றுக்கு மட்டும் பதில் எழுதும். செப்டம்பருக்குள் துறைகளின் பதில். டிசம்பர் இறுதியில் பதிவேடு முழுவதும் தமிழில் இணையத்தில் வர வேண்டும், வரமுடியாதவர்களுக்குக் குரல் பதிவாகவும் போக வேண்டும். ஜனவரி 12 அன்று மாநாடு வழக்கம்போல நடக்கட்டும். அதன் முதல் அமர்வில், வரவேற்புரைக்கும் முன்பாக, அந்தந்தத் துறைச் செயலாளர்கள் மேடையில் உட்கார்ந்திருக்க, அந்த இருபது வரிகளையும் அவற்றின் பதில்களையும் திரும்பி வந்த தொழிலாளி ஒருவர் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும்.